காலத்தைக் குறிக்கும் அதிகாரம் நமக்குத் தரப்படவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஆன்மிகப் பகுதியில், தேவனுடைய வேளைக்காகப் பொறுமையோடு காத்திருப்பது பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். எதையும் உடனே பெற்றுவிட வேண்டும் என்று எல்லோரும் துடிக்கிற நாள்களில், பொறுமை என்னும் பொருளுக்குத் தாங்கள் இடம் ஒதுக்கியது பாராட்டுக்குரியது. கட்டுரையாளரின் நல்ல நோக்கத்தையும் நான் ஐயுறவில்லை. ஆனால், விசுவாசத்தோடு காத்திருக்கிறவனுக்கு இந்த ஆண்டு முடிவதற்குள் அவன் கேட்டதைக் கர்த்தர் கொடுத்தே தீருவார் என்று அந்தக் கட்டுரை உறுதி சொல்லி முடிந்திருந்தது. அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன். நோயாளிகளையும் துக்கத்தில் இருப்போரையும் வீடு தேடிச் சென்று சந்திக்கும் சபை ஊழியத்தில் நெடுங்காலமாக இருந்துவருகிறேன். இப்படிப்பட்ட உறுதிமொழிகள் யார் மனத்தில் போய் எப்படி விழுகின்றன என்பதை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன்.

கட்டுரையில் மேற்கோள் காட்டப்பட்ட வேதாகம வசனம் பிரசங்கி 3:11. ‘அவர் சகலத்தையும் அதினதின் காலத்திலே நேர்த்தியாய்ச் செய்திருக்கிறார்’ என்னும் முதற்பகுதி மட்டுமே அதில் இருந்தது. நம் பிரசங்கங்களிலும் பெரும்பாலும் அந்த வசனம் அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. ஆனால் அதே வசனம், தேவன் ஆதிமுதல் அந்தம்மட்டும் செய்துவரும் கிரியையை மனுஷன் கண்டுபிடியான் என்றுதான் முடிகிறது. எல்லாவற்றுக்கும் ஒரு காலம் உண்டு என்பதும், அந்தக் காலம் எது என்று நமக்குத் தெரியாது என்பதும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டிருக்கின்றன. முதற்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாம் பகுதியை விட்டுவிட்டால், ஆறுதலாக இருக்க வேண்டிய வசனம் ஒரு தவணைச் சீட்டாகிவிடுகிறது. உயிர்த்தெழுந்த ஆண்டவர் பரமேறும் முன், இந்தக் காலத்திலா இஸ்ரவேலுக்கு ராஜ்யத்தைத் திரும்பக் கொடுப்பீர் என்று சீஷர்கள் கேட்டபோது, பிதாவானவர் தம்முடைய ஆதீனத்திலே வைத்திருக்கிற காலங்களையும் வேளைகளையும் அறிகிறது உங்களுக்கு அடுத்ததல்ல என்றுதான் அவர் பதில் சொன்னார் (அப்போஸ்தலர் 1:7). மூன்றரை ஆண்டுகள் கூடவே நடந்தவர்களுக்கே தரப்படாத அதிகாரத்தை, இன்று மேடையில் நிற்கிறவரோ பத்திரிகையில் எழுதுகிறவரோ எங்கிருந்து பெற்றுக்கொண்டார் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு என எண்ணுகிறேன்.

தேதி குறித்துச் சொல்லும் ஊழியம் இன்று தோன்றியதல்ல. எரேமியாவின் புத்தகத்தில் 28, 29 ஆகிய அதிகாரங்களைச் சேர்த்து வாசிக்கும்போது இந்தப் பிரச்சினை முழுவதும் அங்கேயே நடந்து முடிந்திருப்பதைக் காணலாம். எரேமியா தீர்க்கதரிசி கழுத்தில் மரநுகத்தைப் பூட்டிக்கொண்டு, பாபிலோனின் நுகத்துக்குக் கீழ்ப்படிய வேண்டிய காலம் இது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்போது கிபியோன் ஊரானாகிய அனனியா என்னும் தீர்க்கதரிசி, ஆலயத்தில் ஆசாரியர்களும் ஜனங்களும் பார்த்திருக்க, இன்னும் இரண்டு வருஷத்துக்குள் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களும் ஆலயத்தின் பணிமுட்டுகளும் திரும்பி வந்துவிடும் என்று கர்த்தருடைய நாமத்தில் அறிவிக்கிறான். எரேமியா எடுத்த எடுப்பில் அவனைத் திட்டவில்லை. ‘ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக’ என்கிறார். அந்தச் சொல்லை நான் பலமுறை நின்று நிதானித்து வாசித்திருக்கிறேன். நல்ல செய்தி உண்மையாக இருந்தால் யாருக்குத்தான் வேண்டாம்? எரேமியாவும் அதைத்தான் விரும்பினார். அனனியாவோ எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து எல்லோர் கண்முன்னும் முறித்துப்போடுகிறான். எரேமியா பேசாமல் தம் வழியே போய்விடுகிறார். பிறகு வந்த கர்த்தருடைய வார்த்தை, முறித்த மரநுகத்துக்குப் பதிலாக இருப்புநுகம் வரும் என்பதே. அனனியாவோ அந்த வருஷத்திலேயே ஏழாம் மாதத்தில் மரித்துப்போனான்.

அடுத்த அதிகாரத்தில், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய நிருபம் இருக்கிறது. வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், அவர்களுக்கும் விவாகம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம்பண்ணுங்கள் என்று அந்த நிருபம் சொல்கிறது. எழுபது வருஷம் ஆகும் என்கிறது. அதற்குப் பிறகுதான், நம்மில் பலரும் மனப்பாடமாக அறிந்திருக்கிற அந்த வசனம் வருகிறது: ‘நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார்; அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.’ இந்த வசனத்தை முதலில் கேட்டவர்கள் யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் இருந்த முப்பது வயதுக்காரர் எருசலேமைத் திரும்பக் காண வேண்டுமானால் நூறு வயதுவரை வாழ வேண்டியிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் பாபிலோனிலேயே அடக்கம்பண்ணப்பட்டிருப்பார்கள். அவர்களிடம்தான், உங்களைக் குறித்த என் நினைவுகள் சமாதானத்துக்கேதுவானவை என்று கர்த்தர் சொன்னார். இந்த ஆண்டுக்குள் நடந்துவிடும் என்னும் வாக்குறுதியோடு இந்த வசனத்தை இணைத்துக் கொடுப்பவர்கள், எரேமியாவின் வார்த்தையை அனனியாவின் வாயில் வைக்கிறார்கள். கடுமையாகத் தோன்றலாம், ஆனால் இதைவிட மென்மையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏனென்றால் அதன் விலையை யாரோ ஒருவர் செலுத்துகிறார். பக்கவாதத்தால் படுக்கையாகிவிட்ட கணவரைப் பல ஆண்டுகளாகப் பராமரித்துவரும் சகோதரி ஒருவரை அறிவேன். வெளியிலிருந்து வந்த ஊழியர் ஒருவர், குறிப்பிட்ட ஒரு நாளைச் சொல்லி, அன்று உங்கள் கணவர் எழுந்து நடப்பார் என்று கைவைத்து ஜெபித்துவிட்டுப் போனார். அந்த நாளில் அந்தச் சகோதரி விடியற்காலையிலேயே கணவரைக் குளிப்பாட்டி, புதுச் சட்டை உடுத்தி, கட்டிலின் அருகே காலணிகளை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். இரவானது. வாய் குழறும் அந்த மனிதர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு விசுவாசம் போதவில்லையா என்று கேட்டாராம். இதை என்னிடம் சொல்லும்போது அந்தச் சகோதரி, ‘ஐயா, வியாதியை நாங்கள் தாங்கிக்கொண்டோம். அந்த ஒரு நாளைத்தான் தாங்க முடியவில்லை’ என்றார். வாக்குக் கொடுத்தவர் திரும்பி வரவில்லை.

அந்தச் சகோதரியிடம் நான் கண்டதைத்தான் வேதம் பொறுமை என்று சொல்கிறது என நம்புகிறேன். படுக்கைப்புண் வராதபடி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கணவரைப் புரட்டிப் படுக்கவைக்கிறார். மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடி மடங்கிப்போன விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கிப் பயிற்சி தருகிறார். ஒவ்வொரு இரவும் ஒரு சங்கீதம் வாசிக்கிறார். சுகம் கேட்டு ஜெபிப்பதை அவர் விட்டுவிடவில்லை. நாள் குறிப்பதை மட்டும் விட்டுவிட்டார். சிறையிருப்பில் வீடு கட்டித் தோட்டம் நாட்டச் சொன்ன நிருபத்துக்கு இதைவிட நேரான கீழ்ப்படிதலை நான் கண்டதில்லை.

காத்திருக்கிறவனுக்கு வரும் பெரிய சோதனை, தேவனுடைய வேளை இதுதான் என்று தானே முடிவுசெய்துகொள்வது, அல்லது சுற்றியிருப்பவர்கள் முடிவுசெய்து கொடுப்பதை ஏற்றுக்கொள்வது. தாவீது சாமுவேலால் அபிஷேகம்பண்ணப்பட்டவன். ராஜ்யம் அவனுக்கு வாக்களிக்கப்பட்டிருந்தது. எங்கேதி வனாந்தரத்தின் குகைக்குள் அவன் ஒளிந்திருந்தபோது, அவனைக் கொல்லத் தேடி வந்த சவுல் ராஜா தனியாக அதே குகைக்குள் வருகிறான். கர்த்தர் உமக்குச் சொன்ன நாள் இதுவே என்று தாவீதின் மனுஷர் அவனைத் தூண்டுகிறார்கள் (1 சாமுவேல் 24:4). எல்லாம் பொருந்தியிருந்தது. வாக்குத்தத்தம் இருந்தது, வாய்ப்பு இருந்தது, கர்த்தருடைய நாமத்தைச் சொல்லி ஊக்குவிக்கும் நண்பர்களும் இருந்தார்கள். தாவீது சவுலின் சால்வைத் தொங்கலை மட்டும் அறுத்துக்கொண்டான், அதற்கே அவன் மனது அடித்துக்கொண்டது என்று வேதம் சொல்கிறது. கதவு திறந்திருப்பதே கர்த்தருடைய சித்தத்துக்குப் போதுமான அடையாளம் என்று நினைப்பவர்கள் இந்த அதிகாரத்தை ஒருமுறை வாசிப்பது நல்லது. அவன் முப்பது வயதில் எப்ரோனில் ராஜாவானான். அங்கேயும் ஏழரை ஆண்டுகள் யூதாவை மட்டுமே ஆண்ட பிறகே முழு இஸ்ரவேலும் அவனிடம் வந்தது.

ஆபிரகாமின் வீட்டில் நடந்தது வேறு. எழுபத்தைந்து வயதில் அழைப்பைப் பெற்றவர், கானானில் பத்து ஆண்டுகள் காத்திருந்தும் வாக்களிக்கப்பட்ட பிள்ளை பிறக்காததால், மனைவி சாராயின் யோசனைப்படி எகிப்தியப் பணிப்பெண்ணாகிய ஆகாரை மறுமனையாட்டியாக ஏற்றுக்கொண்டார். எண்பத்தாறு வயதில் இஸ்மவேல் பிறந்தான். வாக்களிக்கப்பட்ட மகன் ஈசாக்கு நூறு வயதில்தான் பிறந்தான். இந்தப் பகுதியைப் பிரசங்கிக்கும்போது நாம் ஆபிரகாமின் அவசரத்தைப் பற்றியே பேசுகிறோம். ஆகாரைப் பற்றிப் பேசுவது குறைவு. அந்த அவசரத்துக்காகத் தன் உடலையும் வாழ்வையும் கொடுக்க நேர்ந்தவள் அவள். அவளை யாரும் சம்மதம் கேட்டதாக வேதத்தில் இல்லை. கர்ப்பவதியாக ஒருமுறை வனாந்தரத்துக்கு ஓடினாள். மகன் வளர்ந்த பிறகு அப்பமும் ஒரு துருத்தித் தண்ணீரும் கொடுத்து அனுப்பப்பட்டு, தண்ணீர் தீர்ந்தபோது பிள்ளை சாகிறதைப் பார்க்கமாட்டேன் என்று தூரத்தில் உட்கார்ந்து அழுதாள். கர்த்தர் அந்த இரண்டு முறையும் அவளைத் தேடி வந்தார். ‘நீர் என்னைக் காண்கிற தேவன்’ என்று சொன்னவள் அவளே. நம்முடைய பொறுமையின்மைக்கான விலையை, பெரும்பாலும், நம்மைவிட எளியவர்களே கொடுக்கிறார்கள். தேவனுடைய காரியத்தைத் தாங்களே விரைவுபடுத்திவிடலாம் என்று நினைக்கும் சபைத் தலைவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

பொறுமை என்றால் வாய் திறக்காமல் இருப்பது என்று ஓர் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அதை நான் முற்றிலும் மறுக்கிறேன். பதின்மூன்றாம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களில் ‘எதுவரைக்கும்’ என்று தாவீது நான்கு முறை கேட்கிறான். லாசரு வியாதியாயிருக்கிறான் என்று கேள்விப்பட்ட பிறகும் இயேசு தாம் இருந்த இடத்திலே இன்னும் இரண்டு நாள் தங்கினார் என்று யோவான் எழுதுகிறார். அவர் பெத்தானியாவுக்கு வந்தபோது லாசரு கல்லறையில் வைக்கப்பட்டு நான்கு நாளாகியிருந்தது. ‘ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்’ என்று மார்த்தாளும் மரியாளும் தனித்தனியாக ஒரே வார்த்தைகளில் முறையிட்டார்கள். நான்கு நாளும் அந்த வீட்டில் இருவரும் இதையே ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். இயேசு அவர்களை, உங்களுக்கு விசுவாசக் குறைவு என்றோ பொறுமையில்லை என்றோ சொல்லி அடக்கவில்லை. இன்னும் சற்று நேரத்தில் லாசருவை உயிரோடு எழுப்பப்போவதை அறிந்திருந்தும் அவர் கண்ணீர்விட்டார். அவர் வந்த வேளை சரியான வேளைதான். ஆனாலும் அந்த நான்கு நாளின் துக்கத்தை அவர் அற்பமாக எண்ணவில்லை. ஆகவே, பிள்ளையில்லாத தம்பதியரையோ வேலையிழந்தவரையோ கண்டவுடன் ‘கர்த்தருடைய வேளை வரும்’ என்று ஒரு வரி சொல்லிவிட்டுக் கடந்துபோகும் வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும். அந்த வரி உண்மையே. ஆனால் அவர்களோடு உட்கார மனமில்லாதவர் அதைச் சொல்லும்போது, அது கதவைச் சாத்தும் ஓசையாகவே அவர்கள் காதில் விழுகிறது.

இதைவிட மோசமான ஒரு பயன்பாடும் உண்டு. அநியாயம் செய்யப்பட்டவர்களிடம், பொறுத்துக்கொள்ளுங்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி, அநியாயம் செய்தவரைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடுவது. யாக்கோபு 5:7-ஐ இதற்குத் துணைக்கு அழைப்பார்கள்: பயிரிடுகிறவன் முன்மாரியும் பின்மாரியும் வருமளவும் நீடிய பொறுமையோடே காத்திருக்கிறான் என்பது அந்த வசனம். அதற்கு மூன்று வசனங்களுக்கு முன்பாகத்தான், உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது என்று அதே யாக்கோபு ஐசுவரியவான்களைப் பார்த்துச் சீறியிருக்கிறார். கூலியைப் பிடித்துக்கொண்டவனிடம் அவர் பொறுமையைப் பற்றிப் பேசவில்லை. அடிக்கிற கணவனோடு பொறுமையாக வாழச் சொல்லிப் பெண்களைத் திருப்பி அனுப்பும் ஆலோசனையும் இந்த வகையைச் சேர்ந்ததே. அது தேவனுடைய வேளைக்காகக் காத்திருப்பதாகாது. அதேபோல, சுகத்துக்காகக் காத்திருக்கிறோம் என்று மருந்தை நிறுத்துவதையும் வேதம் எங்கும் கேட்கவில்லை. எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து வருஷம் ஆயுசு கூட்டப்படும் என்று அறிவித்த ஏசாயாவேதான், அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார்.

சபையின் வரலாற்றிலும் இரு வகையினரையும் காண்கிறோம். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்பவரின் போதனையைப் பின்பற்றியவர்கள், கிறிஸ்து 1844 அக்டோபர் 22 அன்று திரும்ப வருவார் என்று நம்பிக் காத்திருந்தார்கள். அந்த நாள் கடந்துபோனபோது பலர் விசுவாசத்தையே இழந்தார்கள். அது இன்றுவரை ‘பெரும் ஏமாற்றம்’ என்றே வழங்கப்படுகிறது. அதற்குச் சுமார் அரை நூற்றாண்டுக்கு முன், 1793-இல் வங்காளத்துக்கு வந்த ஆங்கில மிஷனரி வில்லியம் கேரி, தம் ஊழியத்தில் முதல் வங்காளியாகிய கிருஷ்ண பாலுக்கு ஞானஸ்நானம் கொடுக்க 1800 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஏழு ஆண்டுகளில் அவர் ஒரு மகனைப் பறிகொடுத்தார், அவர் மனைவி மனநோய்க்கு ஆளானார். ஆனால் அதே ஆண்டுகளில் வங்காள மொழியைக் கற்று, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். 1801-இல் அது அச்சேறியது. கேரியின் குடும்பம் பட்ட பாட்டை, குறிப்பாக அந்த மனைவி பட்ட பாட்டை, பிற்காலத்து வெற்றியைக் காட்டிச் சரிக்கட்டிவிட எனக்கு விருப்பமில்லை. காத்திருந்த நாளில் கையில் இருந்த வேலையை அவர் விடவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

கேட்டதைப் பெறாமலே போனவர்களும் உண்டு, அவர்களைப் பற்றியும் பேச நமக்குத் துணிவு வேண்டும். எபிரெயர் பதினோராம் அதிகாரத்தை விசுவாச வீரர்களின் பட்டியல் என்கிறோம். அந்த அதிகாரமே, இவர்களெல்லாரும் வாக்குத்தத்தம்பண்ணப்பட்டவைகளை அடையாமல், தூரத்திலே அவைகளைக் கண்டு, விசுவாசத்தோடே மரித்தார்கள் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. பவுல் தம் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். கிடைத்த பதில் ‘என் கிருபை உனக்குப் போதும்’ என்பதே. பாபிலோன் ராஜாவின் பொற்சிலையை வணங்க மறுத்து, எரிகிற சூளைக்கு முன் நின்ற மூன்று வாலிபர், அந்த ராஜாவிடம் எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்று சொல்லி, விடுவிக்காமற்போனாலும் உம்முடைய பொற்சிலையைப் பணிந்துகொள்வதில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அந்த ‘விடுவிக்காமற்போனாலும்’ என்பதைச் சொல்ல முடிந்தவனே தேவனை நம்புகிறவன். அதைச் சொல்ல முடியாதவன் தான் கேட்ட காரியத்தையே நம்பிக்கொண்டிருக்கிறான், அது வராத நாளில் அவனுக்குப் பற்றிக்கொள்ள ஒன்றும் இராது. நம் சபைகளில் ஆண்டுக்கணக்காக ஜெபித்தும் பதில் பெறாமல், ஆனாலும் ஞாயிறுதோறும் வந்து உட்காருகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். பெற்றுக்கொண்டவர்களின் சாட்சியை மட்டுமே கேட்டுக் கேட்டு, தங்களிடம்தான் ஏதோ குறை என்று அவர்கள் எண்ணத் தொடங்குவதை நான் காண்கிறேன். இது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. பொறுமையைப் பற்றித் தொடர்ந்து எழுதச் செய்யுங்கள். ஆனால் கர்த்தருடைய பெயரில் நாளையும் ஆண்டையும் குறித்து உறுதிமொழி தரும் வரிகளை வெளியிடும்முன், அந்த வாக்கு எந்த வசனத்தில் இருக்கிறது என்று எழுதியவரிடம் கேளுங்கள். வசனத்தை மேற்கோள் காட்டினால் முழுவதுமாகக் காட்டச் சொல்லுங்கள். சாட்சிகளை வெளியிடும் அந்தப் பகுதியில், இன்னும் பதிலுக்காகக் காத்திருக்கிற ஒருவரையும் பேச அழையுங்கள். அவர் கதைக்கு இன்னும் ஒரு முடிவு வந்திருக்காது. அதற்காக அதை வெளியிடத் தயங்க வேண்டாம். நான் மேலே குறிப்பிட்ட சகோதரியைப் போன்றவர்களும் தங்கள் நாளிதழை வாசிக்கிறார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
நெடுநாள் வாசகர் ஒருவர்